பத்து எண்ணும் ரிங், இருபது எண்ணும் ரிங்: குஸ்திக் கம்பெனிகள் ஒரு மதிப்பீடு

அமெரிக்க டிவி குஸ்தியில் ஒருவன் ரிங்குக்கு வெளியே விழுந்தால் ரெஃப்ரி பத்து வரை எண்ணுவார். ஜப்பானின் நியூ ஜப்பான் கம்பெனியில் இருபது வரை எண்ணுவார்கள். இந்த ஒரு வித்தியாசம் போதும், இரண்டும் வேறு வேறு ஆட்டமாகிவிட. பத்து என்றால் வெளியே போனவர்கள் அவசரமாக வேலையை முடித்துக்கொண்டு உள்ளே ஏற வேண்டும். இருபது என்றால் எதிராளியைத் தடுப்புக் கம்பியில் மோதவிட்டு, அங்கேயே கிடத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து நின்றுகொள்ளலாம். பதினைந்து தாண்டியதும் கூட்டம் சத்தம் போட ஆரம்பிக்கும். பத்தொன்பதில் ஆள் உருண்டு உள்ளே விழுவான். யாரும் ஓர் அடிகூட வாங்காமல் ஒரு நிமிடப் பதற்றம் தயார்.

எந்தக் கம்பெனி பெரிது என்ற வாதத்தில் எல்லோரும் ஆட்களின் பெயரைத்தான் சொல்வார்கள். நம் ஊரில் ட்ரம்ப் கார்டில் உயரமும் எடையும் ஒப்பிட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது இயல்பு. ஆனால் ஸ்டைலைத் தீர்மானிப்பது விதியும், நேரமும், காசு எங்கிருந்து வருகிறது என்பதும்தான். இதற்குச் சரியான சாட்சி ஷின்சுகே நகமுராவும் ஏ.ஜே. ஸ்டைல்ஸும். 2016 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நியூ ஜப்பானுக்காக இருவரும் மோதியது அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டங்களில் ஒன்று. அதே இருவர் 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ கம்பெனி நடத்தும் ரெஸில்மேனியா 34இல் மோதினார்கள். ஆட்கள் அவர்களேதான், இடைவெளி இரண்டே ஆண்டுகள். ஆனால் அந்த ஆட்டத்தில் இன்று பலருக்கும் நினைவிருப்பது, முடிந்தபின் நகமுரா வில்லனாக மாறி இடுப்புக்குக் கீழே குத்திய குத்து மட்டும்தான்.

ஜெயிப்பது யார் என்று முன்கூட்டியே பேசிவைப்பதுதான் இந்தத் தொழில். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல இங்கே ஒன்றுமில்லை. யார் ஜெயிப்பது என்பதை எப்படி நம்பவைக்கிறார்கள் என்பதை வைத்தே ஒவ்வொரு கம்பெனியையும் எடை போடலாம்.

முதலில் டபிள்யூடபிள்யூஇ. 1982இல் வின்ஸ் மெக்மஹன் தன் அப்பாவிடமிருந்து வாங்கியபோது இது வடகிழக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வட்டாரக் கம்பெனி. அன்று அமெரிக்கா முழுவதும் இப்படி வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருந்தது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைப்பதில்லை என்பது ஊரறிந்த ஏற்பாடு. கேபிள் டிவியைக் கையில் வைத்துக்கொண்டு மெக்மஹன் அதை உடைத்தார். 1985 மார்ச் 31 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெஸில்மேனியா. 2001இல் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவையே விலைக்கு வாங்கியது. 2023இல் நிஜக் கூண்டுச் சண்டை நடத்தும் யூஎஃப்சியோடு சேர்ந்து டிகேஓ என்ற குழுமமானது. ஆரம்பத்திலிருந்தே டிவிதான் இதன் வயிறு. அதனால் ஆட்டமும் டிவிக்காகவே தைக்கப்பட்டது.

இதை ரிங்கிலேயே பார்க்கலாம். மைதானத்தின் ஒரு பக்கத்தில் அசையாத பிரதான கேமரா இருக்கும். எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி ரெஃப்ரியை மூன்று எண்ணவைக்கும் ‘பின்’ போடுவதானாலும், பிடி போட்டு முகத்தைச் சுளிப்பதானாலும் அந்தப் பக்கம் பார்த்தே செய்வார்கள். வார நிகழ்ச்சியில் நல்லவன் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்ந்தான் என்றால் அடுத்து விளம்பரம் வரப்போகிறது. திரும்பி வந்தால் வில்லன் அவன் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். ஓரிரு நிமிடத்தில் நல்லவன் எழுந்து மூன்று அடி கொடுப்பான், கூட்டம் எழும். இந்த அச்சு மாறவே மாறாது. பழகியவர்கள் கடிகாரம் பார்க்காமலே விளம்பர நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

குறை இதுதான் என்றால், பலம் கதை. கதையை இவ்வளவு நீளமாக இழுத்து, இழுத்த இழுப்புக்குப் பலனும் தரத் தெரிந்த கம்பெனி வேறில்லை. ரோமன் ரெய்ன்ஸ் 2020 ஆகஸ்டில் வென்ற பட்டத்தை 1,316 நாள் வைத்திருந்து 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸிடம் இழந்தார். அதன் நடுவே 2023 ஜனவரி, ராயல் ரம்பிள் இரவு. கெவின் ஓவன்ஸைத் தோற்கடித்த பிறகும் ரெய்ன்ஸும் அவர் குடும்ப அணியும் கைவிலங்கு மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு அடிக்கிறார்கள். ரெய்ன்ஸ் ஒரு இரும்பு நாற்காலியை எடுத்து, அந்த அணியோடு சேர்ந்திருந்த சமி ஜேனிடம் நீட்டுகிறார்: உன் பழைய சிநேகிதனை நீயே அடி. சமி வாங்குகிறார், தயங்குகிறார், ரெய்ன்ஸ் திட்டிவிட்டுத் திரும்புகிறார். நாற்காலி ரெய்ன்ஸின் முதுகில் இறங்குகிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் நுணுக்கம். குடும்பமே சமியைப் போட்டு மிதிக்கும்போது ஜே ஊஸோ மட்டும் கை வைக்காமல் ரிங்கை விட்டு இறங்கி நடந்துவிடுகிறார். ஒரு பல்டி கிடையாது, ஒரு வித்தை கிடையாது. பல மாத உழைப்பு ஒரு நாற்காலியில் வந்து நின்றது.

இங்கே ஆபத்தான அடிகள் குறைவு என்று குறைப்படுபவர்கள் 1997 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். பைல்டிரைவர் என்பது எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி இறக்குவது. முழங்கால் போட்டு இறக்கினால், கீழே தொங்கும் தலை தூக்குபவரின் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும், தரையில் படாது. அன்று ஓவன் ஹார்ட் முழங்கால் போடாமல் உட்கார்ந்து இறக்கினார். தலை தொடைக்குக் கீழே நீண்டிருந்தது. ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து நேராகத் தரையில் மோதியது. சிறிது நேரம் கைகால் அசையவில்லை. ஊர்ந்து போய், ஓவனைச் சுருட்டிப் பிடித்து ஒப்புக்கு ஒரு பின் போட்டு ஆட்டத்தை முடித்தார். அந்த வகை அடி பிற்பாடு டபிள்யூடபிள்யூஇயில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. விலக்குக் கிடைத்தது அண்டர்டேக்கர், கேன் போன்ற ஓரிருவருக்குத்தான். அடி வகை குறைந்ததால் ஆட்டங்கள் ஒன்றுபோல ஆனது உண்மை. ஆனால் அந்தப் பேரத்தில் எனக்கு வருத்தமில்லை.

விழுவதே ஒரு வித்தை. ரிங் இருபதடிக்கு இருபதடி. இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, மெல்லிய ஃபோம், அதன்மேல் கேன்வாஸ். மெத்தை கிடையாது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேல்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரு கைகளாலும் தரையை அறைய வேண்டும். அடி ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். தாடையை ஒட்டாவிட்டால் பின்மண்டை மோதும். பயத்தில் கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். மெக்சிகோ ரிங்குகள் இதைவிடக் கடினம். அதனால்தான் அங்கே மல்லாந்து விழுவதைவிட உருண்டு எழுவது அதிகம். நாம் லூச்சாவின், அதாவது மெக்சிகோ குஸ்தியின், அழகு என்று ரசிக்கிற உருளலில் பாதி பலகையின் கடினத்தால் வந்தது.

நியூ ஜப்பானை 1972இல் அன்டோனியோ இனோகி ஆரம்பித்தார். இது நிஜச் சண்டை என்று கூட்டத்தை நினைக்கவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காக 1976இல் முகமது அலியையே ரிங்குக்கு இழுத்தார். பதினைந்து சுற்று, பெரும்பாலும் இனோகி தரையில் கிடந்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், கடைசியில் சமன். பார்க்கச் சலிப்பான ஆட்டம்தான். ஆனால் குத்தும் உதையும் நிஜமாகப் பட வேண்டும் என்ற 'ஸ்ட்ராங் ஸ்டைல்' எண்ணம் இந்தக் கம்பெனியில் இப்படித்தான் வேரூன்றியது. பயிற்சிக்குச் சேரும் பையன்களுக்கு இன்றும் கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ் மட்டுமே. அடிப்படைப் பிடிகளோடு ஆட வேண்டும், பாஸ்டன் கிராப் போட்டு முதுகை வளைத்தே ஜெயிக்க வேண்டும். இரண்டு வருடம் இப்படிக் கழித்தவன் முதல்முறை கலர் உடையில் வரும்போது எழும் சத்தத்துக்கு எந்த வாண வேடிக்கையும் ஈடில்லை.

இதன் மணிமகுடம் ஜி1 கிளைமேக்ஸ், 1991இலிருந்து நடக்கும் கோடைக் காலப் போட்டி. இரண்டு பிரிவு, பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் மோதுவார்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. பிரிவுக்குப் பத்துப் பேர் என்று நடந்த ஆண்டுகளில் ஒருவர் சுமார் ஒரு மாதத்தில் ஒன்பது தனி ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. புள்ளிப் பட்டியல் வந்துவிட்டால் காரணமில்லாத ஆட்டம் என்பதே இல்லை. கடைசி இடத்தில் இருப்பவன் முதலிடத்துக்காரனைக் கவிழ்த்தாலும் அது பட்டியலில் ஏறும். எழுத்தாளர்களும் வசனமும் இல்லாமல் கணக்கே கதை சொல்லிவிடுகிறது.

காஸுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய நான்கு ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கம்பெனியின் முழுப் பலமும் புரியும். ஒமேகாவின் கடைசி ஆயுதம், எதிராளியைத் தோளில் தூக்கித் தலைகுப்புற இறக்கும் 'ஒன் விங்டு ஏஞ்சல்'. 2017 ஜனவரியில் 46 நிமிடம் 45 விநாடி ஆடியும் அதை ஒருமுறைகூடப் போட முடியாமல் தோற்றார். ஜூனில் போட்டுவிட்டார், ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டதால் எண்ணிக்கை நின்றது. அறுபது நிமிடம் முடிந்து சமன். ஆகஸ்டில் ஜி1இல் போட்டார், ஜெயித்தார். 2018 ஜூனில் மூன்றில் இரண்டு சுற்று வென்று பட்டத்தையே எடுத்தார். ஒரு அடியை ஒன்றரை வருடம் காத்த இந்தக் கட்டுக்கோப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் 'நிஜமாகப் பட வேண்டும்' என்பதற்கு விலை உண்டு. 2017 ஏப்ரலில் கட்ஸுயோரி ஷிபாடா ஒகாடாவை நெற்றியால் முட்டினார். கை வைத்துத் தடுக்காத, எலும்பும் எலும்பும் மோதிய முட்டு. ரத்தம் நெற்றியில் வழிந்தது. ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே போய்ச் சரிந்தார், மூளையில் ரத்தக் கசிவுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்னொரு குறை நிகழ்காலத்தது. 2023இலிருந்து ஜே ஒயிட், வில் ஆஸ்ப்ரே, ஒகாடா, நைட்டோ என்று தூண்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஜி1 ஆட்டங்களின் நேர எல்லையும் 2023இல் முப்பது நிமிடத்திலிருந்து இருபதாகக் குறைந்தது. 2013 முதல் 2019 வரையான நியூ ஜப்பானைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யலாம். இன்றைய நியூ ஜப்பானை ஜனவரி 4 டோக்கியோ டோம் நிகழ்ச்சிக்கும் ஜி1க்கும் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

பழைய ஆட்டங்களில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: 1990களின் ஆல் ஜப்பான். அதே 1972இல் ஜயன்ட் பாபா தொடங்கியது. தகுதிநீக்கம், வெளி எண்ணிக்கை என்று நழுவும் முடிவுகளை ஒதுக்கிவிட்டு, பெரிய ஆட்டம் என்றால் பின்னோ சரணாகதியோதான் என்று பாபா கொண்டுவந்தார். மிசாவா, கவாடா, கோபாஷி, டாவே நால்வரும் திரும்பத் திரும்ப மோதினார்கள். போன ஆட்டத்தில் எந்த அடிக்கு விழுந்தான் என்பது கூட்டத்துக்கு நினைவிருக்கும், அதனால் இந்த முறை அதே அடிக்கு எழுந்துவிட வேண்டும். 1994 ஜூன் 3, டோக்கியோவின் புடோகான் அரங்கில் மிசாவா கவாடாவை முடித்த அடி டைகர் டிரைவர் 91. சாதாரண டைகர் டிரைவரில் முதுகு தரையில் படும். இதில் இரு கைகளும் பின்னால் பூட்டப்பட்டிருக்க, கழுத்தும் பின்மண்டையும்தான் முதலில் இறங்கும். தடுத்துக்கொள்ளக் கை இல்லை. 1991க்குப் பிறகு மூன்று வருடம் எடுக்காமல் வைத்திருந்த அடி அது.

என்னைக் கேட்டால் குஸ்தி வரலாற்றின் உச்சம் இந்த ஆட்டம்தான். ஆனால் இந்த ஸ்டைலின் கோளாறும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை மிஞ்ச வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் கழுத்தைத் தவிர மிச்சம் ஒன்றும் இருக்காது. பாபா 1999இல் இறந்தார். 2000இல் மிசாவா ஏறக்குறைய மொத்த ஆட்களோடும் வெளியேறி நோவா கம்பெனியை ஆரம்பித்தார். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில், பின்னாலிருந்து தூக்கி மல்லாக்கப் போடும் ஒரு பேக் சூப்ளெக்ஸ் வாங்கியவர் எழவில்லை. அன்றிரவே இறந்தார், வயது 46. இந்த ஆட்டங்களை யாருக்கு சிபாரிசு செய்தாலும் இதையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

மெக்சிகோவின் சிஎம்எல்எல் கம்பெனியை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1933இல் சால்வடோர் லுட்டெரோத் ஆரம்பித்தது. இன்றும் நடக்கும் குஸ்திக் கம்பெனிகளில் இதுதான் மூத்தது. மெக்சிகோ சிட்டியில் அரேனா மெக்சிகோ என்ற சொந்த அரங்கம் 1956இலிருந்து இருக்கிறது, சுமார் 16,500 பேர் உட்காரலாம். சொந்த அரங்கம் இருப்பதால் டிக்கெட்டே பிரதான வருமானம். டிவிக்காக எதையும் வளைக்க வேண்டியதில்லை.

விதிகள் தெரியாமல் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். வழக்கமான ஆட்டம் மூவருக்கு மூவர், மூன்றில் இரண்டு சுற்று. ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன் உண்டு. கேப்டனை வீழ்த்தினால் சுற்று முடிந்தது; இல்லையென்றால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். கூட்டாளி ரிங்கை விட்டு வெளியே விழுந்தாலே அடுத்தவர் உள்ளே வரலாம், கை தட்டி மாறவேண்டிய அவசியமில்லை. அந்த வேகம் இதனால்தான் வருகிறது. எதிராளியின் முகமூடியை உருவினால் தோல்வி. மார்ட்டினெட்டே என்று அவர்கள் சொல்லும் பைல்டிரைவருக்கும் தோல்வி. இன்னொன்று: அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இடது கை, இடது காலைப் பிடித்து ஆடுவது வழக்கம், மெக்சிகோவில் வலது. முதல்முறை எல்லை தாண்டி வருபவர் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

வெளியே நிற்பவன்மேல் கயிற்றுக்கு நடுவே தலை முன்னால் பாயும் டோப்பே இங்கே அன்றாடம். பாய்பவனைவிடப் பிடிப்பவனுக்கே பொறுப்பு அதிகம். இரண்டடி பின்னால் நின்றுவிட்டான் என்றால் வருபவன் முகம் தடுப்பில் போய் மோதும்.

முகமூடியைப் பந்தயம் வைத்து மோதுவதுதான் இங்கே உச்சக்கட்டம். தோற்றவர் ரிங்கின் நடுவே நின்று பின்மண்டை நாடாக்களை அவிழ்த்து, தன் இயற்பெயர், சொந்த ஊர், எத்தனை வருடம் இந்தத் தொழிலில் என்பதைச் சொல்ல வேண்டும். பிறகு அந்த முகமூடியை அவர் போடவே கூடாது. எல் சாண்டோ 1984இல் இறந்தபோது முகமூடியோடே அடக்கம் செய்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்க பெல்ட் கைமாறும், மறுபடி திரும்பும், இது திரும்பாது. பந்தயம் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் நிஜமான அர்த்தம் இருக்கும் ஒரே இடம் இதுதான். குறையும் சொல்ல வேண்டும்: முதல் சுற்று பல நாள் சம்பிரதாயத்துக்கு ஓடும், சாதாரண வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகளில் கதை நகரவே நகராது. முகமூடிப் பந்தயத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மிரட்டிவிட்டுக் கடைசியில் தோற்றவர் மொட்டையடித்துக்கொள்ளும் தலைமுடிப் பந்தயத்தில் முடிப்பதும் உண்டு.

ஏஇடபிள்யூ என்ற அமெரிக்கக் கம்பெனி 2019இல் டோனி கான் ஆரம்பித்தது. மேலே சொன்ன எல்லா ஸ்டைலும் ஒரே மேடையில் கிடைக்கும். அதுவே வரம், அதுவே சாபம். 2021இல் பிரையன் டேனியல்சன், ஒமேகா முப்பது நிமிடச் சமன் போன்ற ஆட்டத்தை வார நிகழ்ச்சியில் இலவசமாகப் போடும் துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் பெரிய நிகழ்ச்சி என்றால் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். எல்லா ஆட்டத்திலும் மூன்று எண்ணி முடிக்கும் கடைசி நொடியில், 2.9இல் எழுவது, எல்லா ஆட்டத்திலும் மேஜை உடைவது. மூன்றாவது ஆட்டத்திலேயே கூட்டம் களைத்துவிடுகிறது. கூட்டாளிகள் மாறி மாறி ஆடும் டேக் ஆட்டத்தில் ரெஃப்ரி இருப்பதே பல நேரம் தெரியாது. இந்த நோய்க்கு மருந்தும் அவர்களிடமே இருக்கிறது: 2023இல் தொடங்கிய கான்டினென்டல் கிளாசிக். பன்னிரண்டு பேர், இரு பிரிவு, வெற்றிக்கு 3 புள்ளி, இருபது நிமிட எல்லை, ரிங் பக்கம் வேறு யாரும் வரக்கூடாது. விதியைக் கறாராக்கியதும் அதே ஆட்கள் எப்படிச் சுருக்கென்று ஆடுகிறார்கள் பாருங்கள். ஏஇடபிள்யூவில் நேரம் இல்லாதவர்கள் டிசம்பர் மாதம் மட்டும் பார்க்கலாம்.

பெண்கள் குஸ்திக்கு ஜப்பானின் ஸ்டார்டம். 2011 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி, 2019இலிருந்து நியூ ஜப்பானின் முதலாளியான புஷிரோட் வசம். டபிள்யூடபிள்யூஇயின் இயோ ஸ்கை, கைரி இருவரும் இங்கே தேறியவர்கள்தான். 2024இல் நிறுவனர் ரோஸி ஒகாவா பிரிந்து தனிக் கம்பெனி கண்டபின் ஆள்பலம் கொஞ்சம் குறைந்தாலும், கோடையில் நடக்கும் ஃபைவ் ஸ்டார் கிராண்ட் பிரீ ஜி1க்கு இளைத்ததில்லை.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். டபிள்யூடபிள்யூஇ 2025 ஏப்ரலிலிருந்து இங்கே நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரம் இரவு எட்டுக்கு ஆரம்பித்தால் நமக்கு அடுத்த நாள் காலை ஐந்தரை, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பினால் ஆறரை. வாரா வாரம் முழுதாகப் பார்ப்பது வீண். கடைசி அரைமணியும் மாதாந்திரப் பெரிய நிகழ்ச்சியும் போதும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி முந்தியது. அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே பகல் மூன்று, ஜனவரி 4 பெரும்பாலும் வேலை நாளாக வந்து தொலைக்கும். நியூ ஜப்பான் வேர்ல்டில் பழைய ஆட்டங்கள் கிடைக்கும் என்பதால் நேரலைக்குத் தவிக்க வேண்டாம். ஒகாடா, ஒமேகா ஆட்டங்களை முதலில் பார்ப்பவர்கள் 2017 ஜூனிலிருந்து தொடங்காதீர்கள். ஜனவரியில் விழாத அடி தெரிந்தால்தான் ஜூனில் கயிற்றில் பட்ட காலுக்கு அர்த்தம் வரும்.

மெக்சிகோ வெள்ளி இரவு எட்டரை நமக்குச் சனிக்கிழமை காலை எட்டு. காபியோடு பார்க்கச் சௌகரியமான நேரம் இது ஒன்றுதான். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யார் கேப்டன் என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வரும் ஆண்டுவிழா வெள்ளியை மட்டும் தவறவிடாதீர்கள். பெரிய முகமூடிப் பந்தயங்களை வழக்கமாக அதற்குத்தான் எடுத்துவைப்பார்கள்.